திரைக்குப் பின்னே நடந்த மாற்றம்



"தமிழ்" என்னும் சொல்லிலிருந்து புள்ளியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? "தமிழ" என்று ஏதோ ஒன்று மிஞ்சும். அது சொல்லும் அன்று, பெயரும் அன்று. சென்ற ஆண்டு ஓண விடுமுறையில், பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் உள்ள எங்கள் ஊர் வாசகசாலையில், பிள்ளைகள் சிலர் இப்படிப் புள்ளியற்ற தமிழைத் திரையில் அடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். குற்றவாளி வேறு யாருமல்லர், நான்தான். அந்தக் குற்றத்தின் கதையைச் சொல்லவும், அதன் காரணத்தைத் தேடப் போய் நான் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவுமே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் வாசகசாலையில் மூன்று பழைய கணினிகள் உண்டு. மூன்றும் நன்கொடையாக வந்தவை. ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் மாலை வேளைகளில் அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ்த் தட்டச்சுப் பழக்குகிறார். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரை நாங்கள் டீச்சர் என்றே அழைப்போம். பிள்ளைகள் பயில்வது தமிழ்99 விசைப்பலகை. அதில் மெய்யெழுத்துக்குரிய புள்ளி, ஆங்கில எஃப் எழுத்தின் விசையில் அமைந்திருக்கிறது. ஓயாமல் அடிபடும் விசை அது. மூன்று பலகைகளில் இரண்டில் அந்த விசை தேய்ந்து செத்துப்போயிருந்தது.

நான் பன்னிரண்டாம் வகுப்பில் படித்தபோது அதற்கு ஒரு மாற்று வழி செய்தேன். பெரிய எழுத்துப் பூட்டாகிய கேப்ஸ்லாக் விசை தமிழுக்குப் பயன்படாமல் சும்மா கிடக்கிறதல்லவா? அதை அழுத்தினால் எஃப் விழும்படி, எக்ஸ்மாட்மேப் என்னும் கட்டளையால் மாற்றிவைத்தேன். பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள். "பூட்டுலதான் புள்ளி இருக்குது" என்று புதிதாக வரும் பிள்ளைக்குப் பழைய பிள்ளை சொல்லிக் கொடுக்கும் அளவுக்கு அது வேரூன்றிவிட்டது.

ஓண விடுமுறையில் ஊருக்கு வந்த நான், என் கல்லூரிப் படிப்பைக் காட்ட வேண்டும் என்னும் ஆசையால், அக்கணினிகளில் இருந்த உபுண்டு 18.04 பதிப்பை எடுத்துவிட்டு 22.04 பதிப்பை நிறுவினேன். என் பழைய கட்டளைக் கோப்பையும் மறக்காமல் இட்டேன். மறுநாள் மாலைக்குள் வாசகசாலை ஆண்டுமலரின் நாற்பது பக்கங்களை அடித்துப் பொள்ளாச்சி அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். பிள்ளைகள் அமர்ந்தார்கள், அடித்தார்கள், புள்ளி விழவில்லை. கட்டளையை மீண்டும் ஓட்டினேன். அது பிழை எதுவும் சொல்லவில்லை. ஆனால் புள்ளியும் விழவில்லை.

"என்ன கண்ணு, புதுசு போட்டா நல்லாயிருக்கும்னு சொன்னியே?" என்று டீச்சர் கேட்டார். கடிந்து கேட்கவில்லை. ஆயினும் அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

நடந்தது என்ன? 18.04 பதிப்பில் திரையை ஆண்டது எக்ஸ் என்னும் காட்சிமுறை. 22.04 பதிப்பில், பெரும்பாலான கணினிகளில், திரையை ஆள்வது வேலண்ட் என்னும் புதிய முறை. நான் எழுதிய கட்டளை எக்ஸிடம் பேசுவது. ஆட்சி மாறியது அறியாமல், பழைய அரண்மனை வாயிலில் நின்று மனுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்!

காட்சிமுறை என்பது யாது?

கணினியில் ஒரே வேளையில் பல நிரல்கள் ஓடுகின்றன. ஒன்றில் கடிதம் எழுதுகிறோம். ஒன்றில் படம் பார்க்கிறோம். ஒன்றில் கணக்குப் போடுகிறோம். ஆனால் திரை ஒன்று, விசைப்பலகை ஒன்று, சுட்டி ஒன்று. எந்தச் சாளரம் எதன்மேல் இருக்க வேண்டும், அடித்த எழுத்து எந்தச் சாளரத்துக்குப் போக வேண்டும் என்று தீர்ப்பதற்கு நடுவே ஒருவர் வேண்டும். அந்த நடுவரையே காட்சிமுறை என்கிறோம். விண்டோஸிலும் மாக்கிலும் அது அந்தந்த நிறுவனத்தார் கட்டியது. நாம் உள்ளே சென்று பார்க்க இயலாது. லினக்ஸ் முதலிய திறந்தமூல அமைப்புகளிலோ அது யாரும் படிக்கலாம், திருத்தலாம் என்னும் பொதுச்சொத்து. நெடுங்காலம் அந்த இடத்தில் இருந்தது எக்ஸ்.

எக்ஸின் பிறப்பு அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில். அங்கே அத்தீனா என்னும் திட்டத்தின் கீழ், பல நிறுவனங்கள் செய்த வெவ்வேறு வகைக் கணினிகளை மாணவர்கள் ஒரே விதமாகப் பயன்படுத்த வகைசெய்ய முயன்றார்கள். 1984-இல் பாப் ஷைஃப்ளர், ஜிம் கெட்டிஸ் ஆகியோர் இதனை உருவாக்கினார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டபிள்யூ என்னும் சாளரமுறை முன்னரே இருந்தது. அதிலிருந்து வளர்ந்ததாகையால், ஆங்கில நெடுங்கணக்கில் டபிள்யூவுக்கு அடுத்த எழுத்தாகிய எக்ஸ் இதற்குப் பெயராயிற்று. 1987 செப்டம்பரில் அதன் பதினொன்றாம் வடிவம் வெளிவந்தது. நாற்பது ஆண்டை நெருங்கியும் அந்தப் பதினொன்று பன்னிரண்டாகவில்லை. இத்தனை காலம் ஒரு முறை நிலைத்து நின்றதென்றால் அதைச் சமைத்தவர்களின் தொலைநோக்கை எண்ணிப் பாருங்கள்!

எக்ஸின் தனிப்பெருமை ஒன்றுண்டு. நிரல் ஓரிடத்தில் ஓடலாம். அதன் சாளரம் வேறிடத்தில் தெரியலாம். வலிமை மிக்க கணினி ஒன்று ஓர் அறையில் இருக்க, எளிய திரைகள் பல வேறு அறைகளில் இருந்து அதன் உழைப்பைப் பகிர்ந்துகொள்ளலாம். பணமில்லாத இடங்களில் இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வாளையாற்றுச் சோதனைச்சாவடி

அத்தகைய எக்ஸை ஏன் மாற்ற வேண்டும்? இதை விளக்க எங்கள் ஊர்ப்பக்க உவமை ஒன்றே போதும்.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு வருவோர் வாளையாற்றை அறிவார்கள். வணிகவரிச் சோதனைச்சாவடி அங்கே இருந்த காலத்தில் லாரிகள் வரிசை வரிசையாக நிற்கும். சரக்கு இங்கேயே இருக்கிறது. வாங்குபவரும் அருகிலேயே இருக்கிறார். இருந்தும் நடுவில் நின்று சீட்டைக் காட்டிச் செல்ல வேண்டும். அந்தச் சாவடி வீணுக்கு வைத்ததன்று. இரு மாநிலங்களுக்கு இரு வரிகள் இருந்தபோது அதற்கு வேலை இருந்தது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபின் அந்த வேலை இல்லாமற் போயிற்று. வணிகவரிச் சாவடிகளும் நீங்கின.

எக்ஸின் கதையும் இத்தகையதே. 1987-இல் கோடு போடுவது, வட்டம் வரைவது, எழுத்தைப் பதிப்பது, திரையின் அளவை அமைப்பது, விசைகளைக் கேட்பது ஆகிய எல்லாம் எக்ஸின் கையிலேயே இருந்தன. நாளடைவில் அவ்வேலைகள் ஒவ்வொன்றாக வேறிடம் சென்றன. திரையின் அளவையும் வண்ணத்தையும் அமைக்கும் வேலையை லினக்ஸின் கருவே 2009-ஆம் ஆண்டளவில் ஏற்றுக்கொண்டது. எழுத்துகளையும் படங்களையும் நிரல்கள் தாமே வரைந்துகொள்ளத் தலைப்பட்டன. சாளரங்களுக்கு நிழல், ஒளிபுகும் தன்மை ஆகியவற்றைக் கொடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்துக் காட்ட, கம்பாசிட்டர் என்னும் தனி நிரல் வந்தது. ஈண்டு ஓர் இன்பமான ஒற்றுமை: அச்சகத்தில் ஈய எழுத்துகளைப் பொறுக்கிப் பக்கம் கோத்தவருக்கும் கம்பாசிட்டர் என்றே பெயர். அவர் எழுத்தைக் கோத்தார். இவர் சாளரத்தைக் கோக்கிறார்.

இப்போது ஒரு விசையை அழுத்தினால் எக்ஸில் என்ன நடக்கிறது என்று வரிசையாகக் காண்போம். கரு அதை எக்ஸிடம் சொல்கிறது. எக்ஸ் அதை உரிய நிரலிடம் சேர்ப்பிக்கிறது. நிரல் புதிய எழுத்தைத் தன் சாளரத்தில் வரைந்து எக்ஸிடம் கொடுக்கிறது. "இந்தச் சாளரம் மாறிவிட்டது" என்று எக்ஸ் கம்பாசிட்டரிடம் அறிவிக்கிறது. கம்பாசிட்டர் முழுத்திரையையும் மீண்டும் கோத்து, அதைத் திரும்பவும் எக்ஸிடமே கொடுக்கிறது. எக்ஸ் அதைக் கருவிடம் சேர்க்கிறது. நிரலுக்கும் கம்பாசிட்டருக்கும் நடுவிலும் எக்ஸ். கம்பாசிட்டருக்கும் கருவுக்கும் நடுவிலும் எக்ஸ். சரக்கு இருமுறை சாவடியில் நிற்கிறது. இதனால் காலமும் வீண். சில வேளைகளில் திரையின் மேற்பாதியில் புதிய படமும் கீழ்ப்பாதியில் பழைய படமுமாகக் காட்சி கிழிந்தும் தெரிந்தது.

2008-இல், ரெட் ஹாட் நிறுவனத்தில் பணியாற்றிய கிறிஸ்தியன் ஹோக்ஸ்பெர்க் என்பவர் ஒரு கேள்வி கேட்டார்: கோக்கும் வேலையைக் கம்பாசிட்டர் செய்கிறது, திரையை அமைக்கும் வேலையைக் கரு செய்கிறது, வரையும் வேலையை நிரல் செய்கிறது. நடுவில் நிற்பவருக்கு என்ன வேலை? அவர் தொடங்கிய முறைக்கு வேலண்ட் என்று பெயரிட்டார். அது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அவர் பயணத்தின்போது கடந்து சென்ற ஓர் ஊரின் பெயர். வேலண்டில் கம்பாசிட்டரே நடுவர். கரு விசையைக் கம்பாசிட்டரிடம் சொல்கிறது. கம்பாசிட்டர் நிரலிடம் சொல்கிறது. நிரல் தன் படத்தை வரைந்து முடித்து, "ஆயிற்று" என்று கம்பாசிட்டரிடம் கூறுகிறது. கம்பாசிட்டர் கோத்துத் திரைக்கு அனுப்புகிறது. அவ்வளவே. பாதி வரைந்த படம் திரைக்கு வருவதே இல்லை. 2012 அக்டோபரில் வேலண்டின் 1.0 வடிவம் வெளியாயிற்று.

நண்பர்கள் ஒன்றைக் கருத்திற் கொள்ள வேண்டும். எக்ஸ் என்பது எல்லாரும் ஓட்டிய ஒரே பெரு நிரல். வேலண்டோ ஒரு நிரல் அன்று. நிரலும் கம்பாசிட்டரும் எம்மொழியில் பேசிக்கொள்வது என்னும் ஒப்பந்தம். க்னோம் தனக்கென ஒரு கம்பாசிட்டரை வைத்திருக்கிறது. கேடிஇ வேறொன்றை வைத்திருக்கிறது. ஆகவே, ஒன்றில் கிடைக்கும் வசதி மற்றொன்றில் கிடைக்காமலும் போகலாம். இது வேலண்டின் குறைகளுள் ஒன்று.

காவல் என்னும் இரண்டாவது காரணம்

வேகம் மட்டுமே காரணமன்று. எக்ஸ் பிறந்த காலத்தில் ஒரு கணினியில் ஓடும் நிரல்கள் அனைத்தும் நம்பத்தக்கவை என்னும் எண்ணம் இருந்தது. ஒரே குடும்பம், அறைக்கதவு எதற்கு? ஆதலால் எக்ஸில் ஒரு நிரல் நினைத்தால் வேறொரு சாளரத்தில் நீங்கள் அடிக்கும் கடவுச்சொல்லைக் கேட்கலாம். உங்கள் திரை முழுவதையும் படம் பிடிக்கலாம். உங்களிடம் கேட்கவே வேண்டியதில்லை. இன்று வங்கிக்கணக்கும் தேர்வு விண்ணப்பமும் அதே திரையில் இருக்கின்றன. ஊர்பேர் தெரியாத நிரலும் அருகில் ஓடுகிறது. இந்த நிலையில் கதவில்லாத வீடு தகுமா?

வேலண்டில் ஒவ்வொரு நிரலுக்கும் தன் சாளரம் மட்டுமே தெரியும். பிறர் திரையைப் பார்க்க வேண்டுமெனில், "இந்நிரல் உங்கள் திரையைப் பார்க்க விரும்புகிறது, விடலாமா?" என்று பயனரிடம் கேட்டாக வேண்டும். கதவு வந்தது நன்றே. ஆனால் கதவு வந்தபோது, அதுவரை உரிமையோடு உள்ளே வந்துகொண்டிருந்த நல்லவர்களும் வெளியே நின்றுவிட்டார்கள். என் எக்ஸ்மாட்மேப் கட்டளை அவர்களுள் ஒன்று. ஒரு நிரல் வந்து அனைவரின் விசைப்பலகையையும் மாற்றிவிடுவதென்பது, காவல் நோக்கில், அனுமதிக்கத்தக்கதன்று அல்லவா? அதனால்தான் அது பிழையும் சொல்லாமல் பயனும் தராமல் போயிற்று. வேலண்டுக்குள் எக்ஸ்வேலண்ட் என்னும் சிறிய எக்ஸ் ஒன்று, பழைய நிரல்களின் பொருட்டு ஓடுகிறது. என் கட்டளை அதனிடம் மட்டுமே பேசிக்கொண்டிருந்தது.

வெளியே நின்றவர்கள் இன்னும் பலர். என்னோடு விடுதியில் தங்கியிருக்கும் நண்பர் ஒருவர் இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாற்றுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 2020-இல் பள்ளிகள் மூடியிருந்தபோது, அவருடைய அக்கா தம் மடிக்கணினியிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்தினாராம். அதில் இருந்தது டெபியன் 10. 2019-இல் வெளிவந்த அப்பதிப்பில் க்னோமுக்கு வேலண்டே முதல் தெரிவு. அக்கா தம் திரையைப் பகிர்ந்தால், மறுமுனையில் பிள்ளைகளின் கைப்பேசியில் கறுப்புத் திரையே தெரிந்தது. "அக்கா, ஒண்ணுமே தெரியலக்கா" என்று குரல் மட்டும் வரும். தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப்பிடித்து அமர்ந்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது அந்தக் கறுப்பு! உள்நுழையும் திரையில் பல்சக்கரம் போன்ற குறியை அழுத்தி எக்ஸைத் தெரிவு செய்யலாம் என்று யாரோ சொன்னபின்பே பாடம் நடந்தது. பைப்வயர் என்னும் வழியாகத் திரையைப் பகிரும் முறை பின்னர் உலாவிகளில் நன்கு அமைந்துவிட்டது. இன்று அந்தத் துன்பம் பெரும்பாலும் இல்லை. ஆனால் அந்தப் பாடங்கள் திரும்பி வாரா.

கண்பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் ஓர்க்கா என்னும் நிரலும் இடர்ப்பட்டது. எந்தச் சாளரம் முன்னே இருந்தாலும் அது சில விசைகளைக் கேட்டாக வேண்டும். வேலண்டோ அதை மறுக்கிறது. அதற்கெனத் தனிவழி அமைக்கப் பல ஆண்டுகள் ஆயின. ஆசிரியர் தம் மேசையிலிருந்தே மாணவர் திரைகளைப் பார்க்க உதவும் வெயான் போன்ற கருவிகளும் எக்ஸை நம்பி எழுதப்பட்டவையே.

தமிழுக்கு இதில் என்ன?

இனி நம்மவர் கேட்கத்தக்க கேள்விக்கு வருவோம். ஆங்கிலத்துக்கு ஒரு விசைக்கு ஓர் எழுத்து. தமிழுக்கு அப்படியன்று. இரண்டு இடங்களில் நமக்குத் தனித்தேவை உண்டு: எழுத்தைக் காட்டுவதில் ஒன்று, எழுத்தை உள்ளிடுவதில் ஒன்று.

காட்டுவதை முதலில் காண்போம். "கொ" என்னும் எழுத்தை நோக்குங்கள். ககரத்துக்கு முன்னே கொம்பும் பின்னே காலும் வருகின்றன. யூனிகோடு முறையில் ககரமும் ஒகரக் குறியும் என இரண்டே குறிகள். அவற்றைப் பிரித்து முன்னும் பின்னும் வைத்துச் சரியாக வரைய இலக்கணம் அறிந்த ஒரு நிரல் வேண்டும். பழைய எக்ஸின் எழுத்துரு முறைக்கு அந்த இலக்கணம் தெரியாது. கொடுத்த வரிசையில் எழுத்துருவங்களை வைத்துச் செல்ல மட்டுமே தெரியும். அதனால்தான் டிஸ்கி, டாப் போன்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறைகளில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகளை வைத்தார்கள். யூனிகோடு வந்தபின் பாங்கோ, ஹார்ஃப்பஸ் முதலிய நூலகங்கள் அந்த இலக்கணத்தை ஏற்றன. நிரல் தானே தமிழை வரைந்து, வரைந்த உருவை எக்ஸிடம் கொடுத்தது. அஃதாவது, தமிழைப் பொறுத்தவரை, வேலண்ட் வருவதற்கு நெடுநாள் முன்பே எக்ஸின் எழுதுகோல் ஓய்ந்துவிட்டது. ஆகவே, காட்டுவதில் நமக்கு இம்மாற்றத்தால் இழப்பு எதுவும் இல்லை.

உள்ளிடுவதில்தான் கவனம் வேண்டும். தமிழ்99 முறை, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவானது. அதில் ககரத்தை அடித்து ஆகாரத்தை அடித்தால் "கா" என்று சேர வேண்டும். ககரத்தை இருமுறை அடித்தால் முதலதற்குப் புள்ளி தானே விழுந்து "க்க" என வர வேண்டும். முன்னே அடித்தது எது என்று நினைவில் வைத்துத் தீர்மானிக்கும் உள்ளீட்டு நிரல் ஒன்று நடுவே இருந்தாலன்றி இது நடவாது. லினக்ஸில் ஐபஸ் என்பதும் அதனோடு சேர்ந்த எம்17என் என்பதும் அவ்வேலையைச் செய்கின்றன.

எக்ஸில் இந்த உள்ளீட்டு நிரல் பக்கவாட்டில் புகுந்து விசைகளை வாங்கிக்கொள்ளும். வேலண்டிலோ அதற்கு முறையான வாயில் உண்டு. "எழுதும் பெட்டி ஒன்று இங்கே இருக்கிறது, எழுத்துக்குறி இந்த இடத்தில் நிற்கிறது" என்று நிரல் கம்பாசிட்டருக்குச் சொல்ல வேண்டும், கம்பாசிட்டர் உள்ளீட்டு நிரலோடு பேசி, சேர்ந்த தமிழெழுத்தை நிரலுக்குக் கொடுக்க வேண்டும். மூவரும் இந்த ஒப்பந்தத்தைக் கைக்கொண்டால் தமிழ் ஒழுங்காக விழும். ஒருவர் மறந்தாலும் அந்தச் சாளரத்தில் தமிழ் விழாது. ஆங்கிலம் மட்டும் விழும். ஒரு நிரலை ஆக்கியவர் ஆங்கிலம் மட்டுமே அடித்துச் சோதித்திருந்தால், அவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது. சீனரும் சப்பானியரும் இதே வகை உள்ளீட்டு நிரல்களையே நம்பியிருக்கிறார்கள். அவர்கள் முறையிட்டுப் பெற்ற திருத்தங்களால் நமக்கும் பயன் விளைகிறது. எனினும் ககரம் இரட்டித்தால் புள்ளி விழுகிறதா என்று அவர்கள் சோதிக்கமாட்டார்கள். அது நம் கடமை.

கேரளத்துத் தமிழ்ப்பிள்ளைகளும் திறந்தமூலமும்

இந்தியாவின் வேறெந்தப் பகுதியைக் காட்டிலும் எங்கள் எல்லைப்புறத் தமிழ்ப்பிள்ளைகளுக்கு இச்செய்தி நெருக்கமானது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது சித்தூர், தேவிகுளம், பீர்மேடு ஆகிய பகுதிகள் கேரளத்தில் நின்றன. இன்றும் அங்கே தமிழ்வழிப் பள்ளிகள் நடக்கின்றன. கேரள அரசு 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்னும் திட்டத்தைத் தொடங்கிப் பின்னர்ப் பள்ளிக் கணினிக் கல்வியை முழுவதும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2017-இல் அத்திட்டம் கைட் என்னும் நிறுவனமாயிற்று. 2019-இல், உபுண்டு 18.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்ட பள்ளிப்பதிப்பை 2 லட்சம் கணினிகளில் நிறுவுவதால் 3000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அறிவித்தார்கள். 2024-இல் 22.04 பதிப்பின் வழிவந்த பள்ளிப்பதிப்பு வெளியாயிற்று. தமிழகத்துப் பிள்ளைகள் பலர் கல்லூரிக்கு வந்தபின் காணும் லினக்ஸை, எங்கள் பிள்ளைகள் பள்ளியிலேயே காண்கிறார்கள்.

உலகில் மாற்றம் நடந்த வேகத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃபெடோரா 2016-இலேயே வேலண்டை முதல் தெரிவாக்கியது. உபுண்டு 2017 அக்டோபரில் அதை ஏற்று, 18.04-இல் எக்ஸுக்குத் திரும்பி, 2021-இல் மீண்டும் வேலண்டுக்கு வந்தது. கேடிஇ பிளாஸ்மா 6, 2024 பிப்ரவரியில் அவ்வழியே சென்றது. ராஸ்பெர்ரி பை என்னும் சிறுகணினியின் அமைப்பும் 2023, 2024 ஆண்டுகளில் மாறியது. 2025 மே மாதம் வெளியான ரெட் ஹாட் நிறுவனப் பதிப்பு 10-இல் எக்ஸ் வழங்கி இல்லை. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-இல், க்னோமை எக்ஸின்மேல் ஓட்டும் தெரிவே நீக்கப்பட்டது.

இந்தக் கடைசி வரியில்தான் என் கவலை தொடங்குகிறது. வாசகசாலையில் அன்று நான் செய்ததைச் சொல்கிறேன். அந்த அக்காவுக்கு யாரோ சொன்ன வழியையே நானும் பின்பற்றினேன். வெளியேறி, பல்சக்கரக் குறியை அழுத்தி, எக்ஸைத் தெரிந்து உள்ளே வந்து, என் பழைய கட்டளையை ஓட்டினேன். பூட்டில் மீண்டும் புள்ளி வந்தது. பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். இரவு ஒன்பது மணி வரை அடித்து, மறுநாள் பொள்ளாச்சிக்கு மலர் சென்றது. ஆனால் புதிய பதிப்புகளில் அந்தப் பல்சக்கரத்தின் கீழ் எக்ஸ் இராது. அன்று நான் புகுந்தது மூடப்போகும் வாசல்.

ஆகவே விடுதிக்குத் திரும்பியதும் வேறு வழி தேடினேன். நம் துறையில் மூத்த மாணவர் ஒருவர் கேட்ட முதற் கேள்வி என் கண்ணைத் திறந்தது: "செத்தது பலகையின் விசை. அதற்கு ஏன் காட்சிமுறையிடம் மருந்து கேட்கிறாய்?" உண்மைதான்! விசைப்பலகையிலிருந்து வரும் எண்ணுக்கு இன்ன விசை என்று பெயரிடுவது யூடெவ் என்னும் பகுதி. அது கருவுக்கு அருகே, காட்சிமுறைக்குக் கீழே இருக்கிறது. அங்கே ஒரு சிறு கோப்பில் இரண்டு வரிகள்: முதல் வரியில் பலகையின் அடையாளம், இரண்டாவதில் கேப்ஸ்லாக்கின் எண்ணுக்கு எஃப் என்று பெயர். மேலே எக்ஸ் இருந்தாலும் வேலண்ட் இருந்தாலும், நாளை வேறொன்று வந்தாலும், புள்ளி விழும். அடுத்த முறை ஊருக்குச் சென்றபோது எக்ஸைத் தெரிவு செய்யாமலே அதைச் செய்து முடித்தேன்.

"புதுப் பலகை வாங்கியிருக்கலாமே, சில நூறு ரூபாய்தானே?" என்று விடுதி நண்பர் கேட்டார். வாங்கலாம்; மலர் விற்ற பணத்தில் வாங்கவும் போகிறோம். ஆனால் நான் கற்ற பாடம் பலகையைப் பற்றியது மட்டுமன்று. நன்றாக ஓடுகிற ஒன்றை மாற்றுமுன், அதை யார் எதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டறிய வேண்டும். நான் பிள்ளைகளைக் கேட்கவில்லை. ஒரு கணினியில் முதலில் நிறுவிப் பார்க்காமல் மூன்றிலும் ஒரே நாளில் நிறுவினேன். இது சிறு குற்றமன்று.

எக்ஸைத் தூற்றுவோரும் உண்டு. வேலண்டைத் தூற்றுவோரும் உண்டு. எனக்கு இருவரோடும் உடன்பாடில்லை. எக்ஸ் தன் காலத்தில் செய்ய வேண்டியதைச் செய்தது. வேலண்ட் இக்காலத்துக்கு வேண்டியதைச் செய்கிறது. மாற்றம் வரட்டும். ஆனால் அது வரும்போது தமிழ் அடிக்கும் பிள்ளையும், கண்ணில்லாமல் காதால் படிக்கும் பிள்ளையும் வெளியே நிற்கலாகாது.

மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் மடிக்கணினி வைத்திருப்போர், புதிய பதிப்பு ஒன்றை வேலண்டோடு நிறுவி, தமிழ்99 உள்ளீட்டைச் சேர்த்து, உலாவி, எழுதும் நிரல், அட்டவணை நிரல் ஆகியவற்றில் பத்துப் பத்து வரிகள் அடித்துப் பாருங்கள். "கொக்கு", "பௌர்ணமி", "ஸ்ரீ" என்பன சரியாக விழுகின்றனவா என்று பாருங்கள். விழாத இடத்தைக் குறித்து, அந்நிரலை ஆக்கியோரிடம் முறையாக எழுதித் தெரிவியுங்கள். திறந்தமூலத்தில் குறையைச் சொல்ல எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. நாம் சொல்லாவிட்டால், அக்குறை யாருக்கும் தெரியாமலே இருக்கும். ஆங்கிலம் அடிப்போருக்கு எல்லாம் நன்றாகத்தானே விழுகிறது!

சென்ற வாரம் டீச்சரிடம் தொலைபேசியில் பேசினேன். "புள்ளி விழுகுதா டீச்சர்?" என்று கேட்டேன். "விழுகுது கண்ணு. ஆனா அடுத்த தடவை ஏதாச்சும் மாத்தறதா இருந்தா, மலர் அச்சுக்குப் போனதுக்கப்புறம் மாத்து" என்றார்.